சூதுக்கு ஓர் எச்சரிக்கை போதுமா?
மைஸிர் முதல் கைப்பேசி வரை ஒரு வரலாற்றுப் பார்வை

இணுவிலுக்கும் எங்கள் குடும்பத்துக்கும் பழைய உறவு. யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் தையற்கடை வைத்திருந்த வாப்பாவுக்கு அங்கே வாடிக்கைக்காரர் பலர். புகையிலை விற்ற கையோடு கலியாண வீட்டுக்குத் துணி தைக்க வருவார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அந்தப் போக்குவரத்து அறுந்துபோனது. யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய பிறகு, வாப்பாவின் சிநேகிதர் ஒருவரைப் பார்க்க நான் இடைக்கிடை இணுவிலுக்குப் போவதுண்டு.

கடைசியாகப் போனபோது காங்கேசன்துறை வீதியோரம் லொத்தர் சீட்டு விற்கிறவரிடம் அவர் நின்றார். என்னைக் கண்டதும் சிரித்தார். “உங்களுக்கு உது கூடாது எண்டு தெரியும் தம்பி. எனக்கு ஒண்டுதான்” என்று சீட்டைச் சட்டைப்பைக்குள் வைத்தார். அன்று என் மனம் வேறு விஷயத்தில் இருந்தது. என் காக்காவின் மகன், இருபத்து மூன்று வயதுப் பிள்ளை, கைப்பேசியில் கிரிக்கெட் பந்தயம் கட்டிக் கடனாளியாகியிருந்தான். உம்மாவின் நகை அடகுக்குப் போன பிறகுதான் வீட்டாருக்கே தெரியவந்தது. “திரையில் எச்சரிக்கை ஒன்றும் வராதா மகன்?” என்று அவனிடம் கேட்டிருந்தேன். “வரும் சாச்சா. ஓகே அடிச்சாப் போயிடும்” என்றான்.

இதைப் பெரியவரிடம் சொன்னேன். அவர் தன் தோட்டத்துக் கணக்கிலேயே பதில் சொன்னார்: “சிகரட் பெட்டியிலை படம் போட்டிருக்கிறாங்கள். படத்தைப் பார்த்து எத்தினை பேர் விட்டவன்? விலை ஏறினாப் பிறகுதான் எங்கட பெடியள் குறைச்சவங்கள். புகையிலை நட்ட எனக்குத் தெரியாதே?”

பெரியவரின் கணக்கில் ஒரு திருத்தம் உண்டு. இலங்கையில் புகையிலை எச்சரிக்கை தனியாக வரவில்லை. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை மற்றும் மதுசாரச் சட்டம் விளம்பரத்தைத் தடுத்தது. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பதைக் குற்றமாக்கியது. பெட்டியின் 80 வீதத்தைப் படம் மூடவேண்டும் என்ற திருத்தம் 2015இல் வந்தது. விலை, விளம்பரத் தடை, வயதெல்லை ஆகிய மூன்றோடும் சேர்ந்தே படம் வேலை செய்தது. சூதாட்டத்துக்குப் போடும் எச்சரிக்கை வாசகத்துக்கு அப்படித் துணை ஏதும் உண்டா? துணையில்லாத வாசகம் தீங்கைக் குறைத்திருக்கிறதா? இந்தக் கேள்வியோடு வரலாற்றைப் புரட்டினால், முதலில் அறேபியாவில்தான் போய் நிற்கவேண்டியிருக்கிறது.

அம்புகளும் ஒட்டக இறைச்சியும்

இஸ்லாத்துக்கு முந்திய அறபிகளின் மைஸிர் எப்படி நடந்தது என்பதைத் தப்ஸீர் ஆசிரியர்கள் விரிவாக எழுதிவைத்திருக்கிறார்கள். ஓர் ஒட்டகத்தை வாங்கி அறுத்துப் பங்கு போடுவார்கள். பைக்குள் பத்து அம்புகள் இருக்கும். ஏழு அம்புகளுக்குப் பங்கு உண்டு. மூன்று வெற்று அம்புகள். வெற்று அம்பு யார் பெயருக்கு வருகிறதோ அவர்கள் ஒட்டகத்தின் விலையைக் கட்டவேண்டும். வென்றவர் இறைச்சியைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார், ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுப் பெருமை பேசுவார். இந்த ஆட்டத்துக்கு வராதவனைக் கஞ்சன் என்று பழித்தார்கள்.

இந்தப் பின்னணியை மறந்துவிட்டால் சூரா அல்பகராவின் 219ஆம் வசனம் சரியாக விளங்காது. மதுவிலும் சூதிலும் பெரும் பாவம் உண்டு, மக்களுக்குச் சில பயன்களும் உண்டு, ஆனால் பாவம் பயனைவிடப் பெரியது என்பது அதன் கருத்து. பயன் இருப்பதை அல்குர்ஆன் மறுக்கவில்லை. அன்றைய ஏழையின் சட்டிக்குள் விழுந்த இறைச்சி உண்மையான இறைச்சிதான். அந்தப் பயனைத் தராசில் வைத்து, மறுதட்டு கனமானது என்று காட்டுகிறது வசனம். இன்றைய மொழியில் சொன்னால் அது தகவல் தந்து எச்சரிக்கும் கட்டம்.

எச்சரிக்கை கேட்டுச் சிலர் விட்டார்கள், சிலர் தொடர்ந்தார்கள் என்று மது பற்றிய அறிவிப்புகள் கூறுகின்றன. பின்னர் இறங்கிய சூரா அல்மாயிதாவின் 90, 91ஆம் வசனங்கள் இரண்டையும் முற்றாக விலக்கின. பகைமையும் வெறுப்பும் மூளும், இறைநினைவும் தொழுகையும் தடைப்படும் என்று காரணம் சொல்லி, விலகிக்கொள்வீர்களா என்ற கேள்வியோடு முடிகிறது 91ஆம் வசனம். அறிவிப்பாளரின் குரல் கேட்டதும் மதீனாவாசிகள் மதுவைத் தெருவில் கொட்டியதை அனஸ் (ரழி) அறிவிக்கிறார்கள். அன்று ஒரு சமூகமே சேர்ந்து கையைத் தூக்கியது. தனியொரு மனிதனிடம் “பொறுப்போடு குடி” என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ளவில்லை.

இன்னொரு ஹதீஸையும் இங்கே நினைக்கவேண்டும். வா, சூதாடலாம் என்று தோழனை அழைத்தவர் தர்மம் செய்யட்டும் என்ற கருத்தில் புகாரியிலும் முஸ்லிமிலும் அது பதிவாகியுள்ளது. ஆடியவருக்கு மட்டுமல்ல, வாயால் அழைத்தவருக்கும் கையிலிருந்து காசு போகவேண்டும். அழைப்பவரின் செலவு என்ற இந்த எண்ணத்தை மனதில் வைத்துக்கொள்வோம், பின்னால் தேவைப்படும்.

சட்டம், சபை, புலமைப்பரிசில்

தமிழ் மரபும் இதில் மௌனமாக இருக்கவில்லை. திருக்குறள் சூதுக்கென்றே 94ஆம் அதிகாரத்தை ஒதுக்கியது. முதல் வெற்றி மீனுக்குப் போட்ட தூண்டில் இரை போன்றது என்ற உவமை அங்கே வருகிறது. இருந்தும் யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் கோழிச்சண்டையும் கடுதாசி விளையாட்டும் நின்றுவிடவில்லை. முந்நூற்றிநாலு விளையாடியவர்கள் எல்லாரும் சூதாடிகள் அல்லர். பெரும்பாலும் அது பொழுதுபோக்குத்தான். காசு வைத்தால்தான் கதை வேறு.

பிரித்தானியர் கொண்டுவந்த 1889ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சூதாட்டக் கட்டளைச் சட்டம் இடத்தைப் பார்த்தது. தெருவில், பொதுமக்கள் வந்துபோகும் இடத்தில், சூதாட்டத்துக்கென வைத்த வீட்டில் காசுக்கு ஆடுவது குற்றம். கோழிச்சண்டையைக் காசு வைத்தாலும் வைக்காவிட்டாலும், வெளியிலோ மறைவிலோ நடத்தினாலும் குற்றமாக்கியது. அறிவுரை கூறும் சட்டமல்ல அது, பொலிஸ் சட்டம். பிடிபட்டவர் பெரும்பாலும் சந்தியில் நின்ற ஏழை.

சுதந்திரத்துக்குப் பின் அரசாங்கமே சீட்டு விற்கத் தொடங்கியது. 1963இன் நிதிச் சட்டத்தின் கீழ் தேசிய லொத்தர் சபை அமைந்தது. பின்னர் அபிவிருத்தி லொத்தர் வந்தது. 1997இல் அதற்கும் தனியான சபை சட்டமாயிற்று. அதன் வருமானம் ஜனாதிபதி நிதியத்துக்கும் மகாபொல புலமைப்பரிசில் நிதியத்துக்கும் போகிறது. பல்கலைக்கழகம் போன எங்கள் பிள்ளைகளில் எத்தனையோ பேர் அந்தப் புலமைப்பரிசிலால் படித்தவர்கள். இணுவில் பெரியவரும் இதைத்தான் சொன்னார்: “விழாட்டிலும் ஒரு பிள்ளை படிக்குது தம்பி.”

அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒட்டக இறைச்சியின் கதை திரும்பவும் வருகிறது என்பதைக் கவனியுங்கள். நற்காரியத்தின் பெயர் சூதின் மேல் எழுதப்பட்டால், அந்தப் பெயரே விளம்பரமாகிறது. எச்சரிக்கை எழுத வேண்டிய இடத்தில் புண்ணியம் எழுதப்படுகிறது.

விழுந்தால் வீட்டுக்கு

கடலுக்கு அப்பால் இதே காரியம் இன்னும் தெளிவாக நடந்தது. 1968இல் அண்ணாதுரையின் அரசு தமிழ்நாட்டில் அரசு லாட்டரியைத் தொடங்கியது. “விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு” என்ற வாசகம் அன்று ஊரெங்கும் ஒலித்தது. தமிழில் சூதைப் பற்றிச் சொல்லப்பட்ட வாசகங்களில் இதைப்போல் மனதில் ஒட்டியது வேறில்லை. தோற்றவனின் துக்கத்தை நாட்டுப்பற்றாக மாற்றிக் கொடுத்த சொல் அது. வாசகத்துக்குச் சக்தி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. விற்பதற்கு அதற்குச் சக்தி நிறைய உண்டு.

1975இல் அந்த லாட்டரி நிறுத்தப்பட்டது. எண்பதுகளில் மீண்டும் வந்தது. 2003 ஜனவரியில் எல்லா லாட்டரிச் சீட்டுகளின் விற்பனையையும் தமிழக அரசு தடைசெய்தது. தெருவெல்லாம் தொங்கிய சீட்டுக் கடைகள் மறைந்தன. ஆனால் தடை முழு மருந்தாகவில்லை. மூன்று எண் லாட்டரி என்ற கள்ளச் சீட்டு மறைவில் ஓடியது. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு குடும்பமே அழிந்த செய்திக்குப் பின்னால் இந்தக் கடன்தான் இருந்தது. தடை போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று உட்காருகிறவர்களுக்கு அது பாடம்.

கைப்பேசிக்குள் வந்த எச்சரிக்கை

தமிழில் பரவலாகக் கேட்ட முதல் சூதாட்ட எச்சரிக்கை, இணையவழி ரம்மி விளம்பரங்களின் வாலில் வந்ததுதான். இந்திய விளம்பரத் தர மன்றம் 2020 டிசம்பர் 15 முதல் ஒரு வழிகாட்டலை நடைமுறைப்படுத்தியது. அச்சு விளம்பரத்தில் ஐந்தில் ஒரு பங்கு இடத்தில் எச்சரிக்கை இருக்கவேண்டும். தொலைக்காட்சியில் எழுத்தாகவும் குரலாகவும், விளம்பரத்தின் மொழியிலேயே, சாதாரண வேகத்தில் வரவேண்டும். நிதி இழப்பு வரலாம், அடிமையாக்கலாம், பொறுப்போடு உங்கள் சொந்த அபாயத்தில் ஆடுங்கள் என்பது அதன் சாரம். தமிழகத் தொலைக்காட்சி பார்க்கும் யாழ்ப்பாணத்து வீடுகளுக்குள்ளும் அது வந்தது. எங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைகள் அதை ஒரே மூச்சில் சொல்லிக்காட்டி விளையாடினார்கள்.

கடனும் தற்கொலைச் செய்திகளும் தொடர்ந்தன. 2021இல் தமிழக அரசு கொண்டுவந்த தடையை, ரம்மி திறமை விளையாட்டு என்ற வாதத்தை ஏற்றுச் சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஓகஸ்டில் நீக்கியது. 2022இல் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் தலைமையில் குழு அமைந்தது. அதன்பின் வந்த சட்டமூலத்தை ஆளுநர் திருப்பியனுப்ப, சட்டசபை மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் சட்டமாயிற்று. நவம்பரில் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றபோதும் ரம்மியையும் போக்கரையும் முழுத் தடையிலிருந்து விலக்கியது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நம் கேள்விக்கு நேரான பதில். 2025 பெப்ரவரியில் தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம் ஒழுங்குவிதிகளை அறிவித்தது. அவற்றில் எச்சரிக்கை உண்டு: உள்நுழையும் பக்கத்திலேயே இது அடிமையாக்கும் இயல்புடையது என்ற வாசகம், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால் ஒவ்வொரு 30 நிமிடத்துக்கும் திரையில் குதித்து வரும் செய்தி. பூட்டும் உண்டு: நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை உள்நுழைய முடியாது, 18 வயதுக்குக் குறைந்தவர் ஆட முடியாது, ஆதார் மூலம் ஆளை உறுதிப்படுத்த வேண்டும்.

விளையாட்டு நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. விதிகளில் அவை எதிர்த்துப் போராடியவை முக்கியமாக இரண்டு: இரவுப் பூட்டு, ஆதார் உறுதிப்பாடு. எச்சரிக்கை வாசகம் அந்த வழக்கின் மையத்தில் இல்லை. எது வியாபாரத்தைக் குறைக்கும் என்று வியாபாரிக்குத் தெரியாதா? 2025 ஜூன் 3ஆம் திகதி நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஓகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் காசு வைத்தாடும் இணைய விளையாட்டுகளையே தடைசெய்தது. ஆடுகிறவனுக்குத் தண்டனை இல்லை; நடத்துகிறவனுக்கும், விளம்பரம் செய்கிறவனுக்கும், பணம் கடத்திக் கொடுப்பவனுக்கும்தான் தண்டனை. அழைப்பவரிடம் செலவைக் கேட்கும் அந்தப் பழைய எண்ணம் இங்கே சட்ட வடிவில் வருகிறது.

சோதித்துப் பார்த்தவர்கள்

“பொறுப்போடு ஆடுங்கள்” என்ற கொள்கைக்கு ஓர் அறிவுப் பின்னணி உண்டு. 2004இல் மூன்று ஆய்வாளர்கள் ரெனோ மாதிரி என்ற கட்டமைப்பை முன்வைத்தார்கள். தகவலைக் கொடுப்பது மற்றவர் கடமை, ஆடுவதா விடுவதா என்ற முடிவு தனிமனிதன் கையில் என்பது அதன் அடிப்படை. சூதாட்டத் தொழிலுக்கு இந்தக் கொள்கை வசதியாக அமைந்தது.

பிரித்தானியாவில் பெரிய பந்தய நிறுவனங்களே சேர்ந்து அமைத்த ஒரு குழு, குதூகலம் நின்றால் நிறுத்திவிடு என்ற பொருள்பட ஒரு வாசகத்தை 2015இல் பரப்பியது. குதூகலம் என்ற சொல் மட்டும் பெரிய எழுத்தில் இருந்தது. வோரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் உதைபந்தாட்ட ரசிகர்கள் 506 பேரிடம் இதைச் சோதித்தார்கள். வாசகம் இல்லாத விளம்பரத்தைக் கண்டவர்கள் 37.8 வீதமான சந்தர்ப்பங்களில் பந்தயம் கட்டினார்கள். வாசகத்தோடு கண்டவர்கள் 41.3 வீதம். வாசகம் பந்தயத்தைக் கூட்டியது என்று சொல்லுமளவு அந்த வேறுபாடு பெரிதல்ல. குறைக்கவில்லை என்பது தெளிவு. 2021இல் வாசகம் மாற்றப்பட்டது. யோசிக்க நேரம் எடு என்ற பொருள்பட்ட புதிய வாசகத்தையும் சோதித்தபோது, பந்தயம் குறைந்ததற்கு நம்பத்தக்க சான்று கிடைக்கவில்லை.

எல்லாச் செய்தியும் ஒன்றல்ல என்பதையும் சொல்லவேண்டும். ஓரத்தில் ஒட்டிய வாசகத்தைவிட ஆட்டத்தை இடைநிறுத்தித் திரையில் வரும் செய்தி நினைவில் நிற்கிறது. அறிவுரையைவிடத் தன்னைத்தானே கேட்கவைக்கும் கேள்வி சற்றுக் கூடுதலாக வேலை செய்கிறது என்று 2010இல் வந்த அவுஸ்திரேலிய ஆய்வு காட்டியது. அந்நாடு 2023 மார்ச் முதல் பழைய மென்மையான வாசகத்தைக் கைவிட்டு, நீங்கள் தோற்கப்போகிறீர்கள் என்ற தொனியிலான ஏழு கடுமையான வாசகங்களைக் கட்டாயமாக்கியது. இணைய இயந்திர ஆட்டத்தில் ஆயிரம் சுற்றுத் தொடர்ந்து ஆடியவருக்குச் செய்தி காட்டியபோது, அந்த இடத்தில் நிறுத்தியவர்கள் ஒன்பது மடங்கானார்கள் என்று 2014இல் ஓர் ஆய்வு கூறியது. கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் நிறுத்தியவர்கள் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர்தான். அந்த ஒருவருக்கு அது பெரிய காரியம். மற்றத் தொண்ணூற்றொன்பது பேரும் ஓகே அடித்தார்கள், எங்கள் பிள்ளையைப் போல.

நோர்வே வேறு வழி போனது. 2007இல் சூதாட்ட இயந்திரங்களை அகற்றியது. பின்னர் வந்த புதிய இயந்திரங்களில், ஆளுக்கொரு அட்டையும் இழப்புக்கு உச்சவரம்பும் வைத்தது. வரம்பு முடிந்தால் இயந்திரம் நின்றுவிடும்; வாசித்து விளங்கவேண்டிய தேவையில்லை.

இலங்கையில் 2025 ஓகஸ்ட் மாதம் ஒரே நேரத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன. கொழும்பில் மிகப் பெரிய புதிய கசினோ திறந்தது. சூதாட்ட ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைக்கான சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. சமூகத் தீங்கைக் குறைப்பது அச்சட்டத்தின் நோக்கங்களில் ஒன்று. கசினோவுக்குள் நுழையும் இலங்கையருக்கான வரி 50 டொலரிலிருந்து 100 டொலராக அந்த ஆண்டு உயர்த்தப்பட்டது. அது ஒரு வேலிதான். ஆனால் இணுவில் பொடியனோ புத்தளத்துப் பிள்ளையோ கசினோ வாசலுக்குப் போவதில்லை. அவன் கையிலேயே வாசல் இருக்கிறது. புதிய அதிகாரசபை அந்த வாசலுக்கு வாசகம் மட்டும் ஒட்டப்போகிறதா, பூட்டுப் போடப்போகிறதா என்று நாம் கேட்கவேண்டும்.

மிம்பரில் இருந்தும்

மற்றவர்களின் வாசகங்களைச் சோதித்தாயிற்று. நம்முடையதையும் சோதிக்க வேண்டும். சூது ஹராம் என்று குத்பாவில் கேட்காத பிள்ளை நம் ஊரில் இல்லை. எங்கள் பிள்ளையும் ஒவ்வொரு வெள்ளியும் கேட்டவன்தான். அந்தச் சொல் அவனைத் தடுத்ததா? பலரைத் தடுத்திருக்கிறது, முஸ்லிம் தெருவில் லொத்தர் பெட்டி அரிதாக இருப்பதற்கு அதுவே காரணம். ஆனால் ஏற்கெனவே விழுந்துவிட்டவனுக்கு அதே சொல் வாய்ப்பூட்டாகிறது. வெளியே சொன்னால் மானம் போகும் என்று மறைக்கிறான். மறைத்தால் கடன் வளரும். கடனைத் தீர்க்க மறுபடி ஆடுவான்.

நம் மரபில் இதற்கு வழி இல்லாமலில்லை. ஸக்காத் பெறத் தகுதியான எட்டு வகையினரில் கடன்பட்டோரும் அடங்குவர். பாவமான காரியத்துக்காகப் பட்ட கடனாக இருந்தால் கொடுக்கலாமா என்று சட்ட அறிஞர்கள் விவாதித்தார்கள். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், தவ்பா செய்தவருக்குக் கொடுக்கலாம் என்பதே வலுவான கருத்து. இமாம் நவவி மின்ஹாஜில் அதையே பதிந்திருக்கிறார். அதாவது கடனைச் சொல்லி வெளியே வருகிறவனுக்குக் கதவு திறந்திருக்கிறது. நம் ஜமாஅத்துகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? ஸக்காத் பட்டியல் போடும்போது இப்படி ஒருவரின் பெயர் எங்காவது எழுதப்படுகிறதா?

வெறும் பணம் கொடுத்தாலும் ஆபத்து. அது மறுநாளே பந்தயமாகிவிடும். எங்கள் குடும்பம் செய்ததைச் சொல்கிறேன். பள்ளிவாசல் நிருவாகத்தில் இருந்த இருவரை வைத்துக் கடன்காரரோடு நேரே பேசினோம். பணம் பிள்ளையின் கைக்குப் போகவில்லை. கடன் கொடுத்தவரிடமே போனது. அவனுடைய வங்கி அட்டை இப்போது உம்மாவிடம் இருக்கிறது. சம்பளம் காக்காவின் கணக்குக்கு வருகிறது. இரவு பத்து மணிக்குக் கைப்பேசியைக் கூடத்தில் வைத்துவிட்டுத்தான் படுக்கப் போகிறான். இதெல்லாம் அவன் சம்மதத்தோடு செய்தது. முதல் இரண்டு மாதம் கோபப்பட்டான். ஒருமுறை யாரிடமோ போன் கடன் வாங்கி ஆடவும் செய்தான். தானே வந்து சொன்னான். முன்பு அவன் அப்படி வந்து சொன்னதில்லை.

போன மாதம் அவனையும் கூட்டிக்கொண்டு இணுவிலுக்குப் போனேன். பெரியவர் வழக்கமான இடத்தில் சீட்டு எடுத்துக்கொண்டு நின்றார். பிள்ளையைக் கண்டதும் அதை மடித்துச் சட்டைப்பைக்குள் தள்ளிவிட்டு, “வா தம்பி, தேத்தண்ணி குடிப்பம்” என்று வீட்டுப் பக்கம் நடந்தார். வழியில் லொத்தரைப் பற்றியோ கடனைப் பற்றியோ அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வாப்பா தைத்துக் கொடுத்த கலியாணச் சட்டையைப் பற்றித்தான் வீடுவரை சொல்லிக்கொண்டு வந்தார். பிள்ளை சிரித்தபடி கேட்டுக்கொண்டு வந்தான்.